ஹுரைளாவிலிருந்து வந்த அத்தாஸ்கள்

1990ஆம் ஆண்டு மே மாதம் வட ஏமனும் தென் ஏமனும் இணைந்து ஒரே நாடாயின. அந்த நாட்டின் முதல் பிரதமராகப் பொறுப்பேற்றவர் ஹைதர் அபூபக்கர் அல் அத்தாஸ். அதே சமயம் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் அலி அலாத்தாஸ். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சையத் ஹுசேன் அலாத்தாஸ். அதே ஊரில் இஸ்லாமியச் சிந்தனைக்கும் நாகரிகத்துக்குமான அனைத்துலக ஆய்வு நிறுவனத்தை 1987இல் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தவர் சையத் முகம்மது நக்கீப் அல் அத்தாஸ். கடைசி இருவரும் உடன்பிறந்த அண்ணன் தம்பி. மூன்று நாடுகளில் நான்கு பெரிய பொறுப்புகள், நான்கிலும் ஒரே குடும்பப் பெயர். அந்தப் பெயரின் வேர் தென் அரேபியாவில், ஹள்ரமௌத் பிரதேசத்தின் வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றில் இருக்கிறது.

நான் ஜொகூர் பாருவில் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் எங்கள் நாட்டின் பெயர் வழக்கங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். மலாய்ப் பிள்ளைகளுக்கு 'பின்', 'பிந்தி' போட்டு அப்பா பெயர். நம் பிள்ளைகளுக்கு 'ஏ/எல்', 'ஏ/பி' போட்டு அப்பா பெயர். சீனப் பிள்ளைகளுக்கு முன்னால் குலப்பெயர். இவற்றுக்கு நடுவே 'சையத்' அல்லது 'ஷரீஃபா' என்று தொடங்கி, அப்பா பெயரும் முடிந்த பிறகு அல் அத்தாஸ், அல்சகோஃப், அல்ஹப்ஷி, அல்ஜுனைட் என்று முடிகிற பெயர்கள் சில வரும். பேச்சிலும் முகத்திலும் அந்தப் பிள்ளைகள் மலாய்க்காரப் பிள்ளைகள்தாம். வீட்டில் அரபு பேசுகிறவர்கள் அநேகமாக யாரும் இல்லை. பெயர் மட்டும் அரபு நாட்டுப் பெயர்.

நம்மிடம் தாத்தா பெயர் அப்பாவுக்குத் தலைப்பெழுத்தாக நிற்கும்; பேரன் காலத்தில் அதுவும் போய்விடும். மூன்று தலைமுறைக்கு மேல் கேட்டால் பெரும்பாலான தமிழ் வீடுகளில் பதில் வராது. அப்படிப்பட்ட வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, முந்நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக ஒரே பெயர் பல நாடுகளில் நிலைத்திருப்பது பெரிய வியப்பு. அதை யார் காப்பாற்றினார்கள், எப்படிக் காப்பாற்றினார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

கதை பஸ்ராவில் ஆரம்பிக்கிறது. நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன் வழியில் வந்த அஹ்மத் இப்னு ஈசா என்பவர், கலகமும் கொள்ளையுமாக இருந்த ஈராக்கை விட்டு 929இல் புறப்பட்டு, மக்கா வழியாக ஹள்ரமௌத் வந்து சேர்ந்தார். 'அல் முஹாஜிர்', அதாவது இடம் பெயர்ந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 956இல் அங்கேயே காலமானார். அவருடைய பேரர் அலவியின் பெயரால் சந்ததியார் 'பா அலவி' எனப்பட்டனர். ஹள்ரமௌத் வழக்கில் 'பா' என்றால் இன்னாரின் வழியினர். பிற்காலத்தில் இவர்கள் தரீம் நகரில் நிலைபெற்றார்கள். 1255இல் மறைந்த முஹம்மது இப்னு அலி, அல் ஃபகீஹ் அல் முகத்தம் என்ற பட்டப்பெயருடையவர், வாளை முறித்துப் போட்டு, இனி எங்கள் வழி கல்வியும் ஞானமும்தான் என்று தம் வம்சத்தைத் திருப்பிவிட்டதாகச் சொல்வது அவர்கள் மரபு. ஆயுதம் ஏந்திய கோத்திரங்கள் நிறைந்த நாட்டில் ஆயுதம் இல்லாத குடும்பமாக வாழ்வது என்ற அந்த முடிவுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

குடும்பம் பெருகப் பெருக முஹம்மது, அலி, அப்துல்லாஹ், உமர் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. எந்த அலி, எந்த அப்துல்லாஹ் என்று பிரித்துச் சொல்லப் பட்டப்பெயர் தேவைப்பட்டது. 1416இல் மறைந்த அப்துர் ரஹ்மானுக்கு அஸ் ஸக்காஃப் என்று பட்டம். சிங்கப்பூர் அல்சகோஃப் குடும்பத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. 1461இல் மறைந்த அப்துல்லாஹ்வுக்கு அல் ஐதரூஸ். அந்தப் பெயர் அகமதாபாத், சூரத் வரை வந்தது. தனி மனிதருக்குச் சூட்டிய பட்டம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்க் கிளைப்பெயராகிவிடும். அத்தாஸும் அப்படி வந்ததே. அத்தாஸ் என்றால் தும்முகிறவர். முன்னோர் ஒருவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தும்மி, இறைவனைப் புகழ்ந்தார் என்பது குடும்பத்தார் சொல்லிவரும் கதை.

அந்தப் பெயரை ஊரறியச் செய்தவர் உமர் இப்னு அப்துர் ரஹ்மான் அல் அத்தாஸ். கண்பார்வை இல்லாதவர். தம் ஆசான் சொற்படி, தரீம் பக்கத்து ஊரை விட்டு மேற்கே வாதி அம்த் பள்ளத்தாக்கிலுள்ள ஹுரைளாவுக்குக் குடிபெயர்ந்து, 1661இல் அங்கேயே மறைந்தார். அவர் தொகுத்த ராத்தீபு என்னும் ஓதல் தொகுப்பு இன்றும் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியாப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகைக்குப் பின் கூட்டாக ஓதப்படுகிறது. அவரிடம் பாடம் பெற்ற அப்துல்லாஹ் அல் ஹத்தாதும் பார்வையற்றவர். அவருடைய ராத்தீபு கேரளத்து முஸ்லிம்களுக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணில்லாத இரண்டு மனிதர்கள் வாயால் சொல்லிக் கொடுத்தது இத்தனை கடல் கடந்து நிற்கிறது.

ஹுரைளாவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பெயர் நிலைத்ததன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. உமர் அங்கே குடியேறிய பின் அந்த இடம் 'ஹவ்தா' ஆயிற்று. ஹவ்தா என்பது யாரும் இரத்தம் சிந்தக் கூடாத அடைக்கல நிலம். சுற்றிலும் இருந்த கோத்திரங்கள் ஒன்றோடொன்று தலைமுறை தலைமுறையாகப் பகை கொண்டவை. பகையாளிகள் இருவரும் வந்து பொருள் விற்கவும் வாங்கவும் வழக்குப் பேசவும் ஒரு பொது இடம் அவர்களுக்கு வேண்டும். அந்த நிலத்துக்குத் தலைவர் 'மன்ஸப்'. இறந்த பெரியவரின் வழியில் வரும் ஒருவரே மன்ஸப் ஆவார். வழக்கைத் தீர்ப்பதும், விருந்தாளிக்குச் சோறு போடுவதும், ஆண்டுக்கொரு முறை அடக்கத்தலத்தில் கந்தூரி நடத்துவதும் அவர் வேலை. ஆயுதம் இல்லாதவர் என்பதால்தான் எல்லாரும் அவரிடம் வந்தார்கள். ஆக, ஹுரைளாவில் அத்தாஸ் என்ற பெயர் வெறும் அடையாளமாக இருக்கவில்லை. அது ஒரு பொறுப்பாக இருந்தது. அந்தப் பெயர் உடையவரிடம் ஊர் ஒன்றை எதிர்பார்த்தது.

1937-38 குளிர்காலத்தில் ஃப்ரேயா ஸ்டார்க், கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன், எலினோர் கார்ட்னர் என்ற மூன்று பெண்கள் ஹுரைளாவுக்கு வந்து தங்கினார்கள். ஸ்டார்க் பயணி, தாம்சன் அகழ்வாராய்ச்சியாளர், கார்ட்னர் நிலவியல் அறிஞர். ஊருக்கு அருகே மணல் மேட்டைத் தோண்டி, இஸ்லாத்துக்கு முந்திய காலத்துச் சந்திரக் கடவுளின் கோயிலை வெளிக்கொண்டு வந்தார்கள். தென் அரேபியாவில் முறைப்படி நடந்த முதல் அகழாய்வுகளுள் ஒன்று அது. அந்நியப் பெண்கள் மூவர் அந்தப் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தங்கித் தோண்ட முடிந்தது மன்ஸபின் ஆதரவு இருந்ததால். அந்த மன்ஸப் ஓர் அத்தாஸ்.

இப்படி மதிப்போடு இருந்தவர்கள் ஏன் ஊரை விட்டார்கள்? பிழைப்புத்தான். மழை வந்தால் வெள்ளம், வராவிட்டால் வறட்சி. பேரீச்சைத் தோப்பும் கொஞ்சம் தானிய நிலமும் பெருகிவரும் குடும்பங்களுக்குப் போதவில்லை. சுல்தான்களும் கோத்திரங்களும் ஓயாமல் சண்டையிட்டார்கள். எனவே ஷிஹ்ர், முகல்லா துறைமுகங்களிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து ஆண்கள் கிளம்பினார்கள். சிலர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு, சிலர் மலபாருக்கு, சிலர் ஹைதராபாத் நிஜாமின் படைக்கு, சிலர் ஆச்சே, பலெம்பாங், ஜாவாவுக்கு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் ஏடன் வழியாக ஓடத் தொடங்கியதும் போக்குவரத்து பல மடங்கானது. ஜவுளி, வாசனைத் திரவியம், கடன் கொடுப்பது, வீடு வாடகை, ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏற்றுவது என்று தொழில்கள் பல. நபி வழியினரான சையத் குடும்பத்தார் ஆசிரியராகவும் இமாமாகவும் இருந்ததால், சென்ற இடத்தில் அரண்மனைக் கதவும் அவர்களுக்குத் திறந்தது.

டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் அரபியர் நினைத்த இடத்தில் குடியிருக்க முடியாது. அவர்களுக்கென்று ஒதுக்கிய தெருக்களில்தான் வீடு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தக் கெடுபிடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த பெக்கோஜான் பகுதிக்குப் பெயரே முதலில் அங்கே குடியிருந்த இந்திய முஸ்லிம்களால் வந்தது; அவர்களை மலாய் மொழியில் 'கோஜா' என்பார்கள். போகோரில் எம்பாங், சுரபாயாவில் அம்பெல், பெக்கலோங்கானில் ஒரு தெருக்கூட்டம் என்று அரபுக் குடியிருப்புகள் உருவாயின. 1929இல் பெக்கலோங்கானில் மறைந்த ஹபீப் அஹ்மத் இப்னு அப்துல்லாஹ் அல் அத்தாஸுக்கும், 1933இல் போகோரில் மறைந்த ஹபீப் அப்துல்லாஹ் இப்னு முஹ்ஸின் அல் அத்தாஸுக்கும் இன்றும் ஆண்டுதோறும் கூட்டம் கூடுகிறது. போகோர் எம்பாங் பள்ளிவாசலை ஒட்டிய அப்துல்லாஹ்வின் அடக்கத்தலத்துக்கு நானும் போயிருக்கிறேன். வாசலில் அத்தரும் தஸ்பீஹ் மணியும் விற்கிறார்கள். உள்ளே சுந்தானியத் தாய்மார் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார்கள். நாகூரில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரியவில்லை.

போனவர்கள் ஊரை மறக்கவில்லை. சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் சம்பாதித்த பணம் மாதந்தோறும் ஹள்ரமௌத்துக்குப் போயிற்று. தரீமின் மாளிகைகளும் பள்ளிக்கூடங்களும் அந்தப் பணத்தில் எழுந்தவை. இங்கே பிறந்த பையன்களை அரபு படிக்கவும் ஒழுக்கம் கற்கவும் அங்கே அனுப்பினார்கள். 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரையும் ஜாவாவையும் பிடித்ததும் பண வரத்து அடியோடு நின்றது. மழையும் பொய்த்தது. 1943-44இல் ஹள்ரமௌத்தில் பெரும் பஞ்சம், ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த இரண்டு கரைகளும் ஒரே குடும்பக் கணக்கில் வாழ்ந்தன என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

சரி, கடல் கடந்த பிறகும் பெயர் எப்படி நிலைத்தது? எழுதி வைத்ததால். தரீம் முஃப்தியாக இருந்து 1902இல் மறைந்த அப்துர் ரஹ்மான் அல் மஷ்ஹூர், அலவிக் குடும்பங்களின் வம்சாவளியைக் கிளை கிளையாகத் தொகுத்து 'ஷம்ஸ் அழ் ழஹீரா' என்ற நூலை எழுதினார். 1928இல் பத்தாவியாவில் தொடங்கிய ராபித்தா அலவிய்யா சங்கம் வம்சப் பதிவுக்கென்றே ஓர் அலுவலகம் வைத்தது. குழந்தை பிறந்தால் அங்கே போய்ப் பெயர் பதிய வேண்டும். அப்பா, தாத்தா, பாட்டன், பூட்டன் என்று மேலே போய்ச் சேருமிடம் சரியாக இருந்தால்தான் சான்று கிடைக்கும்.

எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே உண்டு. நவீன மலாய் எழுத்தின் முன்னோடி முன்ஷி அப்துல்லாஹ், 1796இல் மலாக்காவில் பிறந்தவர். தம் முன்னோர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து மணம் முடித்துத் தங்கிய அரபியர் என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவரும் அரபுத் தந்தை வழிக்காரர்தான். ஆனால் கிளைப்பெயரும் பதிவேடும் கூட வராததால், ஓரிரு தலைமுறையில் அந்தக் குடும்பம் தமிழ் முஸ்லிம்களுக்குள் கலந்து, பிறகு மலாய் உலகில் கரைந்துவிட்டது. அத்தாஸ்கள் கரையவில்லை.

பெயரைக் காத்த மற்றொன்று, மகளைக் கொடுப்பதில் வைத்த கட்டுப்பாடு. சையத் ஆண் யாரையும் மணக்கலாம், பிள்ளை சையத். சையத் வீட்டுப் பெண்ணான ஷரீஃபா சையத்தைத்தான் மணக்க வேண்டும். 1905இல் சிங்கப்பூரில் ஒரு ஷரீஃபாவை இந்திய முஸ்லிம் ஒருவர் மணந்த விவகாரம் கெய்ரோ வரை போயிற்று. 'அல் மனார்' இதழின் ஆசிரியர் ரஷீத் ரிளா அந்தத் திருமணம் செல்லும் என்றார். சிங்கப்பூரிலிருந்த சையத் உமர் அல் அத்தாஸ் செல்லாது என்றார். 1913இல் இதே கேள்வி ஜாவாவின் சோலோ நகரில் எழுந்தபோது, சூடானிலிருந்து வந்த ஆசிரியர் அஹ்மத் சூர்க்கதி, முஸ்லிம்கள் எல்லாரும் சமம், மணக்கலாம் என்றார். அதனால் வேலையை விட்டார். அடுத்த ஆண்டே அல் இர்ஷாத் இயக்கம் பிறந்தது. அரபியர் சமூகம் இரண்டாகப் பிளந்தது. சூர்க்கதி சொன்னதுதான் நியாயம் என்பது என் உறுதியான எண்ணம். இறைவன் முன் எல்லாரும் சமம் என்று சொல்லிக் கொடுக்க வந்தவர்கள், தம் மகளின் விருப்பத்தைக் குலக்கணக்கால் தடுத்தது சரியாகாது. சாதி பார்த்து மாப்பிள்ளை தேடும் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இந்த வலி புதிதல்ல.

இனி, பதிவேடு சொல்லாத பாதிக்கு வருகிறேன். ஹள்ரமௌத்திலிருந்து கப்பலேறியவர்கள் அநேகமாக ஆண்கள் மட்டும்தான். பெண்கள் வரவில்லை. அப்படியென்றால் ஜாவா, மலாயா அத்தாஸ்களின் ஆதித் தாய்மார் யார்? சுந்தானியர், ஜாவானியர், மலாய்க்காரர், பூகிஸ் பெண்கள். பிள்ளைக்குப் பேச்சும் சோறும் தாலாட்டும் கொடுத்தவர்கள் அவர்கள். வம்சாவளி மரமோ அப்பாவிலிருந்து மகனுக்கு மட்டுமே கிளை விடும்.

ஜொகூரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. எங்கள் ஊர்க் கதை என்பதால் அதை எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் எனக்குச் சலித்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்தான்புல்லிலிருந்து ருக்கையா ஹானும் என்ற சர்க்கேசியப் பெண் ஜொகூர் அரசவைக்கு வந்தார். சுல்தான் அபூபக்கரின் தம்பி உங்கு அப்துல் மஜீதை மணந்தார். அந்த வழியில் வந்த பேரர் பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அஸீஸ். ருக்கையா ஜொகூரின் முதல் மந்திரி பெசார் டத்தோ ஜாஃபரையும் மணந்தார். அவர்களுடைய மகன் ஓன் ஜாஃபர், 1946இல் அம்னோ கட்சியைத் தொடங்கியவர். ஓனின் மகன் ஹுசேன் ஓன் 1976 முதல் 1981 வரை மலேசியப் பிரதமர். போகோரில் அடங்கியிருக்கும் அந்த அப்துல்லாஹ் அல் அத்தாஸும் ருக்கையாவை மணந்தார். அவர்களுடைய மகன் சையத் அலி. அலியின் பிள்ளைகள்தாம் ஹுசேன் அலாத்தாஸும் நக்கீப் அல் அத்தாஸும். அவர்களுடைய தாயார் ஷரீஃபா ரகுவான் அல் ஐதரூஸ், தாய்வழியில் சுந்தானிய சுகாபுரா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்.

உங்கு அஸீஸ் 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் ஹுசேன் அலாத்தாஸ். இருவரும் ஒரே பாட்டியின் பேரர்கள். ஒருவர் 'உங்கு', ஒருவர் 'சையத்'. பெயரை மட்டும் பார்த்தால் இரண்டு வெவ்வேறு குலம். ஒரு பிரதமரையும், நாட்டின் பெரிய பல்கலைக்கழகத்துக்கு அடுத்தடுத்து இரண்டு துணைவேந்தர்களையும், ஒரு தத்துவ அறிஞரையும் தந்த வம்சம் ருக்கையாவுடையது. அந்த வம்சத்துக்குப் பெயர் இல்லை. அலாத்தாஸ் என்று அண்ணனும், அல் அத்தாஸ் என்று தம்பியும் ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதினாலும் அது ஒரே பெயர் என்று உலகம் அறிகிறது. பாட்டியின் தொடர்பை விசாரித்தால்தான் தெரிகிறது.

ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் எழுதிய 'சோம்பேறி மண்ணின் மைந்தன் என்னும் கட்டுக்கதை' பற்றிய ஆய்வு, மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோ மக்களைச் சோம்பேறிகள் என்று காலனி ஆட்சியாளர்கள் ஏன் சொன்னார்கள் என்று விசாரித்தது. அரபுப் பெயர் தாங்கிய ஒருவர் மலாய் உழைப்பாளிக்காக அந்த வழக்கை எடுத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. போகோர் மண்ணில் பிறந்து, சுந்தானிய இரத்தமும் உடைய தாயிடம் வளர்ந்தவர் அவர்.

அத்தாஸ்கள் தம் பெயரைக் காத்த முறையிலிருந்து நாம் கற்க வேண்டியது இருக்கிறது: எழுதி வைத்தார்கள், பிள்ளை பிறந்ததும் பதிந்தார்கள், அதற்கென்று ஓர் அலுவலகமே நடத்தினார்கள். மலேசியத் தமிழர்களிடம் அந்தப் பழக்கம் இல்லை. தோட்டங்கள் மூடப்பட்டு வீடுகள் இடிபட்ட பிறகு பெரியவர்களின் ஞாபகம் ஒன்றுதான் மிச்சம். தாய்மாரின் வழியை விட்டுவிட்ட அத்தாஸ்களின் குறையிலிருந்தும் கற்க வேண்டும். இதைப் படிக்கும் நீங்கள் இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, உயிரோடிருக்கும் மூத்தவரிடம் உட்கார்ந்து, தெரிந்த வரை முன்னோர் பெயரை எழுதுங்கள். ஒவ்வோர் ஆணின் பெயருக்குப் பக்கத்திலும் அவர் மனைவியின் பெயரையும், அவள் பிறந்த ஊரையும் மறக்காமல் எழுதுங்கள்.